நிறுத்து வாங்கிய பவர் சப்ளை

கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக அணைந்ததும் முத்துலிங்கம் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடிக்காதீங்கப்பா," என்றாள் மகள் பிரேமினி. "மாமா அனுப்புன கிராபிக்ஸ் கார்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போதுற கரண்ட்டக் குடுக்க இந்தப் பழைய பவர் சப்ளையால முடியல. வேற ஒன்னு வாங்கணும்."

அன்று புதன்கிழமை. மஸ்கெலியாவில் ஒரு வாரமாக விடாத மழை. அடுத்த திங்கட்கிழமை பிரேமினி கண்டிக்குப் போக வேண்டும். அங்கே வீட்டுப் பிளான் வரையும் ஓர் ஆபீஸில், அவள் வரைந்த வீட்டை உள்ளும் புறமும் சுற்றிக் காட்டும் படத்தைக் கேட்டிருந்தார்கள். படம் அவர்களுக்குப் பிடித்திருந்தால் வேலை. இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை காத்திருந்தது. அந்த வேலைக்கு மகளை அனுப்ப முத்துலிங்கத்துக்கு மனமில்லை.

"நாளைக்கே ஹட்டன் போறேன்," என்றார்.

பிரேமினி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். "பன்னிரண்டு வோல்ட்னு போட்டிருக்கிற எடத்துல எத்தனை ஆம்பியர்னு பாருங்கப்பா. இருபதுக்குக் கொறையவே கூடாது. நல்ல கம்பெனியா பாத்து வாங்குங்க."

முத்துலிங்கம் தாளைச் சட்டைப்பையில் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

அவர் முப்பது வருடமாகத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை. தராசைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாதவர். எந்தச் சாக்கைத் தொங்கவிட்டாலும் இரண்டு கிலோ கழிப்பார். ஒன்று சாக்குக்கு, மற்றது ஈரத்துக்கு. வெயில் காலத்திலும் அவருடைய தராசில் ஈரம் உண்டு.

வியாழன் காலையிலும் அப்படித்தான். "இருவது கிலோ இருந்துச்சேங்க ஐயா!" என்றாள் கொழுந்து பறிக்கும் ராக்காயி.

"பதினெட்டு."

"ரெண்டு கிலோவுக்கா ஈரம் இருக்கு?"

"உள்ள நீ கல்லு வச்சிருக்கியா, கட்ட வச்சிருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்? நகரு, நகரு."

அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த றமணன் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். "இதைக் கொண்டு போங்கோ ஐயா. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா பிள்ளையின்ர கார்டுக்கு ஒண்டும் நடக்காது."

முத்துலிங்கம் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். "பாரமே இல்லியே."

"பாரத்தில என்ன ஐயா இருக்கு?"

"செம்பும் இரும்பும் உள்ள இருந்தாத்தானே பாரம் இருக்கும்? அந்த மூலையில கெடக்கிறது என்னா?"

"அது மலிவுச் சாமான். நானூறு வாட் எண்டு எழுதியிருக்கு. எழுதினவனுக்கே தெரியாது. நான் பொறுப்பில்லை."

மலிவுச் சாமான் கையை நன்றாகவே இழுத்தது. விலையும் பாதி. முத்துலிங்கம் அதையே வாங்கினார்.

அன்று மாலை ஏழு மணிக்கு பிரேமினி அதைப் பொருத்தி சுவிட்சைத் தட்டினாள். 'டப்' என்று ஒரு சத்தம். வீடு இருண்டது. அவருடைய வீட்டுக்கும் பக்கத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் ஒரே பியூஸ்; லயமும் இருண்டது. டிவி நாடகத்தில் மாமியார் மருமகளுக்கு விஷம் கலக்கிக்கொண்டிருந்த நேரம். லயமே திரண்டு வாசலுக்கு வந்துவிட்டது.

"மருமக குடிச்சாளா இல்லியான்னு யாரு எங்களுக்குச் சொல்றது?" என்று முன்னால் நின்று கேட்டாள் ராக்காயி.

பியூஸ் கட்டிப் பார்த்ததில், நல்லவேளை, கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேமினி பழைய பவர் சப்ளையைத் திரும்பப் பொருத்தினாள். "அப்பா, நாளைக்கு நானும் வர்றேனே."

"நீ படத்த முடி. தப்பு எங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

தப்பு அவருக்கு உண்மையிலேயே தெரிந்துவிட்டது. கையால் பாரம் பார்த்ததுதான் தப்பு. தராசில் அல்லவா நிறுத்திருக்க வேண்டும்!

வெள்ளிக்கிழமை றமணன் மறுபேச்சில்லாமல் வெடித்ததை மாற்றித்தரச் சம்மதித்தார். "இப்பவாவது நல்லதை எடுங்கோ ஐயா," என்று கெஞ்சினார். முத்துலிங்கம் கேட்கவில்லை. கடையில் மிச்சமிருந்த மலிவுப் பெட்டிகள் ஐந்தையும் அணைத்துக்கொண்டு பக்கத்துக் கருவாட்டுக் கடைக்குப் போனார். ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார். கருவாடு வாங்க வந்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கிலோ என்னா வெலைங்க?" என்று கேட்டார்.

ஐந்தாவது பெட்டிதான் எல்லாவற்றிலும் பாரம்; சரியாக இரண்டு கிலோ. முள் இரண்டை விட்டு அசையவில்லை. முத்துலிங்கத்துக்கு மனது நிறைந்துவிட்டது. பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

பிரேமினி அதன் லேபிளில் ஆம்பியரைத் தேடினாள்; போட்டிருக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "கருவாட்டு வாட வருதேப்பா," என்று மட்டும் சொன்னாள்.

"ரெண்டு கிலோ! ஒரு கிராம் கொறையல. போடு."

இந்த முறை சத்தம் இல்லை. கம்ப்யூட்டர் எழுந்தது. திரையில் அவள் வரைந்த வீடு மெல்லத் திரும்பியது. முற்றத்து மாமரம், மாடிப்படி, அப்பாவுக்கென்று போட்ட ஓர் அறை. முத்துலிங்கம் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நீல நிறத்தில் புகை வந்தது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் வீடும் லயமும் மறுபடி இருண்டன.

கார்டு போய்விட்டது. படம் முழுவதும் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டும் கருகியிருந்ததை நான்கு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் போச்சுப்பா," என்றாள் பிரேமினி. அவள் திட்டியிருந்தால் முத்துலிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து, அந்தப் பவர் சப்ளையின் மூடியைக் கழற்றினாள்.

உள்ளே நாலு மெல்லிய வயர், உள்ளங்கை அளவுக்கு ஒரு கருகிய பலகை. மீதி இடத்தில், பசை போட்டு ஒட்டிய சீமெந்துக் கட்டி ஒன்று.

முத்துலிங்கத்துக்கு மகளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

கரண்ட் போனதைக் கேட்க வந்த ராக்காயி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச்சை அந்தச் சீமெந்துக் கட்டியின் மேல் அடித்தாள்.

"எத்தனை கிலோன்னு சொன்னீங்க?"

"ரெண்டு," என்றார் முத்துலிங்கம் முனகலாக.

"எங்க சாக்குக்குக் கழிக்கிற மாதிரி இதுக்கும் ரெண்டு கிலோ கழிச்சிருந்தீங்கன்னா, உள்ள ஒன்னுமே இல்லேன்னு அங்கனயே தெரிஞ்சிருக்குமேங்க ஐயா."