மைனஸ் ஆறு பவரில் ஒரு பேய்

பேய்ப்படம் என்றாலே எனக்கு இளக்காரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொல்ல என் வீட்டிலேயே ஆள் இருக்கிறது, வெளியாள் தேவையில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எதிர்க்கடை பல் டாக்டருடையது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, டாக்டருடைய நாற்காலியில் நான் சாய்ந்துகொள்ள, அவர் ஸ்டூலில் கிடாரோடு உட்கார, இருவரும் செல்போனில் ஒரு நேரலை நடத்துகிறோம். பெயர் 'பேயாவது பிசாசாவது'. வாரம் ஒரு பேய்ப்படம். அதை நான் நார் நாராகக் கிழிப்பேன். பிறகு அந்தப் படத்தை வைத்து நானே எழுதிய பாட்டை நானே பாடுவேன். திகிலான இடங்களில் டாக்டர் பல் குடையும் மெஷினை ஓடவிடுவார். எங்கள் நிகழ்ச்சியில் உண்மையாகவே பயம் தருவது அது ஒன்றுதான்.

கிணற்றிலிருந்து வரும் பேயைப் பற்றி நான் எழுதியது இது:

*கிணத்துக்குள்ள முப்பது வருஷம், துணியில ஒரு கறை இல்ல,*
*எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு, எந்த சோப்பு, தெரியல!*

இதைக் கேட்டு நாற்பத்துமூன்று நேயர்களும் சொக்கிப்போனார்கள். நாற்பத்துமூன்றில் என் மாமியார், மச்சினி, என் கடையில் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எல்லாரும் அடக்கம்.

கலைஞனானதும் நான் செய்த முதல் காரியம், ஒரு சபதம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் கழுவுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலை.

"அப்ப யாரு கழுவுறது?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமைதான எனக்கு நிகழ்ச்சி?"

"எனக்கும் ஞாயித்துக்கிழமை ஒண்ணுதாங்க லீவு."

"உனக்கு லீவு. எனக்கு கலை. ரெண்டும் ஒண்ணா?"

அவள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு மாதம் போனாள். கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் அடிப்பது அவள் உத்தியோகம். சும்மா இருப்பவர்களை விட, சும்மா கேட்டுக்கொண்டே இருப்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு ரகசியம். என் கண் மைனஸ் ஆறு பவர். வீட்டில் படம் பார்க்கும்போது, பேய் வருகிற மாதிரி இசை ஆரம்பித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். கடைக்காரன் கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டாமா? பேய் போய்ச் சேருகிற வரை துடைப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கண்ணாடி இல்லாத என் கண்ணுக்குப் பேயும் கொடியில் காயும் பனியனும் ஒன்றுதான். மொத்தத்தில், ஒரு பேயின் முகத்தையும் நான் இதுவரை பார்த்ததில்லை. பட்டாணி உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்ப்பவள் மனைவிதான்.

"இப்ப என்ன ஆச்சு?" என்பேன், துடைத்தபடி.

"கழுத்தைத் திருப்பிடுச்சு."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

இதை வைத்துக்கொண்டுதான் 'இயக்குநருக்குக் கழுத்தெலும்பைப் பற்றி அடிப்படை அறிவுகூட இல்லை' என்று நான் வெளுத்து வாங்குவேன். டாக்டர் தலையாட்டுவார். அவர் படமே பார்ப்பதில்லை. "நாள் பூரா ஜனங்க வாய்க்குள்ள பாக்குறேன் சார், அதுக்கு மேலயா?" என்பார்.

சென்ற வாரம் மனைவி தானாகவே வந்தாள்.

"ஏங்க, ஒரு படம் கெடச்சிருக்கு. 'உள்ளே ஒருத்தன்'னு பேரு. ரொம்பப் பயங்கரமாம். நீங்க பாக்காதீங்க."

"யாரப் பாத்து என்ன சொல்ற?"

"சேச்சே, பயப்படுவீங்கன்னா சொன்னேன்? கடையில வேலை இருக்குமே, அதான். நான் பாத்துட்டுக் கதையச் சொல்றேன்."

கடையில் வேலை இருப்பது எனக்கும் உடனே ஞாபகம் வந்தது.

சாயங்காலம் கதை சொன்னாள். குரலைத் தணித்துச் சொன்னாள். ஒரு வீடு. ஒரு பெண். அவள் வேலைக்குப் போய்விட்டு வருகிறாள். மெத்தையின் மேல் ஒரு ஈரத்துண்டு. அவள் போடவில்லை!

"அய்யய்யோ. அப்புறம்?"

"ஃபிரிட்ஜ் திறந்தே கெடக்கு. தண்ணி பாட்டில் எல்லாம் காலி. ஒண்ணுலகூட ரொப்பி வைக்கல."

எனக்குக் கையில் முடி நட்டுக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றினேன். கதைக்கே கழற்றியது அதுதான் முதல் தடவை.

"மூலையில ஒரு நாற்காலி. அதுல யாரோ இருக்கு. மூஞ்சியில மட்டும் நீலமா ஒரு வெளிச்சம். அவ கூப்பிடறா. ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணு தடவ. பதிலே இல்ல!"

"செவிட்டுப் பேயா?"

"சோறு போட்டா மட்டும் கேக்கும்."

"சீ, என்ன கேவலமான பேயிது!" என்றேன். "கொலையாவது பண்ணுதா?"

"எந்த வேலையும் பண்ணாது. அதான் பயங்கரமே."

என் கலை வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான பேயை நான் சந்தித்ததில்லை. பாட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. ஞாயிறன்று டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து, மெஷின் உறும, உச்சஸ்தாயியில் எடுத்தேன்:

*ஈரத் துண்ட மெத்தையில எறிஞ்சு போற பேயே - அத*
*எடுத்துக் காயப் போடுறதுக்கு இன்னொருத்தி வேணுமா?*
*மூணு தடவ கூப்பிட்டாலும் மூச்சு விடாப் பேயே - உன்*
*மூஞ்சி மேல வெளிச்சம் மட்டும் முழுநேரமும் வேணுமா?*
*துண்டெடுக்கத் துப்பு இல்ல, தொங்குறதுக்கு வீடா?*
*வெளக்குமாத்தக் கையில தாரேன், வெட்டிப் பேயே, வாடா!*

செல்போனில் கருத்துகள் மழையாகக் கொட்டின. நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன்.

மச்சினி: "அத்தான், இந்தப் பேய எங்கயோ பாத்த மாதிரி இருக்கே!"

"நல்ல கலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று விளக்கினேன்.

மாமியார்: "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும். என்ன பண்றது மாப்பிள்ளை, நாங்க பாத்துக் கட்டிக் குடுத்தது."

"அத்தை கதையோட ஒன்றிப் போயிட்டாங்க" என்றேன். டாக்டர் ஏனோ கிடாருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்போது 'ஒரு நேயர்' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது. "ஐயா, அந்தப் பெண் என்னதான் செய்ய வேண்டும்? உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்."

தீர்ப்பு! நாலு மாதத்தில் ஒருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்காலி என்னைப் படுக்கப் போட்டது. படுத்தபடியே முழங்கினேன்.

"அந்தப் பொம்பளைக்கு அறிவிருக்கா? இதுக்கு மந்திரவாதி எதுக்கு? பிரஷ்ஷை எடுத்துப் பேய் கையில குடு! பாத்ரூமைக் கழுவினாத்தான் சோறுன்னு சொல்லு! ஒரு ஞாயித்துக்கிழமை இல்ல, எல்லா ஞாயித்துக்கிழமையும்! மெத்தையில துண்டு கெடந்தா அன்னிக்கு ராத்திரி பட்டினின்னு சொல்லு! இதான் என் தீர்ப்பு. இதுல மாத்தமே கிடையாது!"

நாற்பத்துமூன்று பேரும் கைதட்டல் படம் அனுப்பினார்கள். அதில் நாலைந்து பேர் அழுகிற அளவுக்குச் சிரிக்கும் படத்தை ஏன் அனுப்பினார்கள் என்றுதான் விளங்கவில்லை.

வெற்றிவீரனாக வீட்டுக்கு வந்தேன். பாத்ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே 'தீர்ப்பு' என்று போட்டு, நான் முழங்கியது அத்தனையும், 'அறிவிருக்கா' உட்பட, ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் அடித்திருந்தது. கீழே 'ஒரு நேயர்' என்று கையெழுத்து. கையெழுத்து மனைவியுடையது. கதவுப் பிடியில் பிரஷ் தொங்கியது.

திரும்பிப் படுக்கையறையைப் பார்த்தேன். மெத்தையின் மேல் ஒரு ஈரத்துண்டு. என் துண்டு. காலையில் நான் போட்டது.

முதன்முதலாக ஒரு பேயை முழுசாகப் பார்க்கிறேன், அதுவும் கண்ணாடியோடு.

"அப்ப... அந்தப் படம்?"

"நம்ம வீட்டுல தெனமும் ஓடுதே. பாக்கலையா நீங்க?" என்றாள், பட்டாணியிலிருந்து தலை நிமிராமல்.

"இது மோசடி! அடுத்த வாரமே எல்லார்கிட்டயும் சொல்றேன் பாரு. அப்படி ஒரு படமே இல்லைன்னு சொல்றேன்!"

"தாராளமா சொல்லுங்க. பாக்காத படத்துக்கு ஒரு மணி நேரம் எப்படி விமர்சனம் பண்ணீங்கன்னு கேப்பாங்க. அதையும் சொல்லிடுங்க. மத்த படத்தையெல்லாம் எப்படிப் பாத்தீங்கன்னும் கேப்பாங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதற்கு மெட்டும் போட்டு, பல் டாக்டர் பக்கவாத்தியத்தோடு வைத்துக்கொண்டேன். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். நாலு மாதமாக நான் எட்டிப்பார்க்காத மூலைகளை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அரை மணி நேரம் தேய்த்தேன். தரை, சுவர் எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது.

"ஆச்சு! வந்து பாரு!" என்று குரல் கொடுத்தேன்.

அவள் வாசலில் வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"இப்பக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, முதல்லேருந்து கழுவுங்க."