கிள்ளானில் நான் மூன்று தடவை செத்த கதை

நான் மூன்று தடவை செத்திருக்கிறேன். மூன்றும் ஒரே நாளில், கிள்ளான் நாடகக் கொட்டகையில், டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் முன்னால்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலை விட்டால் நாடக சபாவில் நடிகன். சபாவுக்குத் தலைவர் எங்கள் பெரிய கிராணியார். எல்லா நாடகத்திலும் அவருடைய மைத்துனர்தான் கதாநாயகன். (குரல், தகரத்தில் ஆணி கீறின மாதிரி.) அவர் பாடி முடித்ததும் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவதற்கென்றே முன் வரிசையில் பத்துப் பேர். பெரிய கிராணியார் வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போய் வருகிற நடிகர்களுக்கும் ஒன்றிரண்டு ஒன்ஸ்மோர் விழும். விழுந்தால், செத்தவனும் எழுந்து பாடிவிட்டுத்தான் மறுபடி சாக வேண்டும். அது வழக்கம்.

நான் தட்டு தூக்காதவன். கலைஞன்! ஒத்திகையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "பிணம் எழுந்து பாடுவது கலைக்குத் துரோகம். நான் செத்தால் செத்ததுதான். எழுந்தால் அன்றோடு வேஷத்தை விட்டுவிட்டுத் திரை இழுக்கிறேன்."

பெரிய கிராணியார் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "எழுந்திருன்னு யாராவது கேட்டாத்தானே தம்பி?"

நாடகத்தன்று எனக்கு மந்திரி வேஷம். சாவதற்கு முன் எட்டு அடிப் பாட்டு. நானாக இன்னும் நாலு அடி சேர்த்துக்கொண்டேன். கடைசியில் மைத்துனர் மரக்கத்தியால் ஒரே குத்து. உருண்டேன், துடித்தேன், கண்ணை மூடினேன்.

கூரை அதிர்ந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" முன் வரிசை மட்டுமா? தரை டிக்கெட், பெண்கள் பக்கம், எல்லாரும்!

கலையாவது, துரோகமாவது! துள்ளி எழுந்து கைகூப்பி ராகம் இழுத்தேன்.

தரையிலிருந்து ஒருவர் எழுந்தே விட்டார். "டேய், நீ இல்லலா! குத்து! அந்தக் குத்து ஒன்ஸ்மோர்!"

மைத்துனருக்கு வாயெல்லாம் பல். "படுங்க மந்திரியாரே, ஜனங்க கேக்குறாங்க" என்று குத்தினார். செத்தேன். மறுபடி ஒன்ஸ்மோர். "மெதுவாண்ணே, நெசமாவே வலிக்குது" என்று நான் கெஞ்ச, திரை மறைவிலிருந்து பெரிய கிராணியார் குரல்: "பாடாத! செத்தாப் போதும்!"

அடுத்த நாடகத்திலிருந்து திரை இழுத்தேன். (பிரமாதமாக இழுத்தேன் என்று பெயர்.)

அன்று பெண்கள் பக்கத்தில் கத்தினவர்களில் ஒருத்திதான் பிற்பாடு எனக்கு மனைவியானாள். "ஒங்க பாட்டு எப்ப முடியும், எவனாவது குத்த மாட்டானான்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்" என்று கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டாள்.

போன வாரம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டேன். சமையல்கட்டிலிருந்து மனைவி குரல் வந்தது:

"யாரு ஒன்ஸ்மோர் கேட்டா?"

அதற்குள் எங்கள் சின்ன மகன் அகப்பையைக் கத்தியாக ஓங்கிக்கொண்டு வந்துவிட்டான். வேறு வழி? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன்.