முழுப்பேர் வாங்கிய பட்டரி வண்டி

நீதி முதன்முதலில் எந்த நாட்டில் பிறந்தது என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வீண் சண்டை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு, இலங்கை மலைநாட்டில் றொசல்லக்கு மேலே ஒத்தைப்பாலத் தேயிலைத் தோட்டத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சிவசாமியின் காக்கிக் காற்சட்டைப் பையில் பிறந்தது. அங்கேதான் அவருடைய பென்சில் இருந்தது.

அந்தப் பென்சில் 'முழுப்பேர்' போட்டால் ஒருவருக்கு அன்றைய சம்பளம் முழுசாகக் கிடைக்கும். 'அரைப்பேர்' போட்டால் பாதிதான். ஆள் பார்த்தோ முகம் பார்த்தோ அவர் போட்டதே கிடையாது. ஆகவே, தேயிலைப் பெட்டி சுமக்கச் சீமையிலிருந்து வந்திறங்கிய பட்டரி வண்டி, பதினொரு மணிக்கெல்லாம் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் நடுவில் நின்று அசைய மறுத்தபோது அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. வண்டிக்கும் அரைப்பேர் போட்டார்.

"ஐயா, வண்டிக்கெல்லாமா பேர் போடுவாங்க?" என்று கேட்டான் அதை ஓட்டிய மாயாண்டி.

"ஏன், இதுவும் தோட்டத்துலதானே வேலை பார்க்குது? ராவெல்லாம் சார்ஜர்ல கரண்டைக் குடிச்சிட்டு, காலையில நாலு பெட்டியத் தூக்கிப்புட்டு நின்னுக்கிட்டா? நடிப்புடா, நடிப்பு! எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

நடிப்பைக் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். மாயாண்டியின் மனைவி காளியாயியையும் அப்படித்தான் கண்டுபிடித்திருந்தார். மழை இல்லாத மாசி மாதம்; செடியில் கொழுந்தே இல்லை. அவள் மலை மலையாக ஏறி இறங்கி எப்படியோ நாளுக்கு இத்தனை றாத்தல் என்ற கணக்குக்குச் சரியாகக் கொண்டுவந்து விடுவாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு ஒன்று சொல்லும், கண்டாக்கையா வேறொன்று சொல்வார்.

"கூடைக்கு ரெண்டு றாத்தல் கழிவு. ஈரத்துக்கு மூணு. காளியாயி, அரைப்பேர்!"

"மழையே பெய்யலீங்களே ஐயா, ஈரம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"ஒன் வேர்வை இருக்குல்ல?"

இப்படிப்பட்ட நுட்பத்துக்கு யார் பதில் சொல்ல முடியும்? காளியாயி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். லயத்து அறையில் மூன்று பிள்ளைகள். அந்த மாதம் முழுவதும் அவள் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. ஒருநாள், ஒரே ஒருநாள் முழுப்பேர் விழுந்தால் பிள்ளைகளுக்கு வயிறாரச் சோறு போட்டுவிடலாம் என்று காத்துக்கொண்டே இருந்தாள்.

வண்டியோ திருந்தவே இல்லை. கண்டாக்கையா அதன் முன்னால் நின்று, "இன்னொரு நாள் இப்படிச் செஞ்சே, பத்துச்சீட்டுக் குடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிப்புடுவேன்!" என்று முறைப்படி எச்சரித்தும் பார்த்தார். அதற்குள் விஷயம் பெரிய தொரையின் காதுக்குப் போய்விட்டது. சீமைச் சாமான் ஆயிற்றே! உடனே கொழும்பிலிருந்து இஞ்சினியர் மஃறூப் வரவழைக்கப்பட்டார்.

மஃறூப் சார்ஜரில் இருந்த பித்தளைத் தகட்டை வாசித்தார். கம்பியில் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சார்ஜர் நானூத்தி நாப்பது வோல்ட்டுக்குச் செஞ்சது. ஓங்கட ஆத்துத் தண்ணியில ஓடுற கரண்ட் மிஷின் குடுக்கிறது முந்நூத்தி எம்பது. பின்ன எப்பிடி பட்டரி நெறையும்?"

"அப்ப வண்டி நடிக்கலியா?" என்றார் கண்டாக்கையா.

"நடிக்கல்ல. அதுக்கு வேண்டியத நீங்க குடுக்கல்ல."

தொரை தொப்பியைக் கழற்றினார். அப்பேர்ப்பட்ட துக்கம். "கண்டாக்கு, மிஷின் மேலே பிழை இல்லே. தீனி குடுக்காதவன் மேலே பிழை," என்றார். அன்று மாலையே பங்களாவில் அவசரக் கூட்டம் கூடி, 'ஊட்டம் குறைந்தால் உழைப்பும் குறையும். அது குற்றமன்று' என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஒரு டிரான்ஸ்போமர் வரவழைக்கவும் உத்தரவாயிற்று.

அது றொசல்ல ஸ்டேசனில் வந்து இறங்கியது. லொறி ஏற முடியாத பாதை. முன்பு பெட்டி சுமந்து, வண்டி வந்ததும் புல்லு வெட்டத் துரத்தப்பட்ட ஆட்களே அதைக் காவு தடியில் கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். மனிதச் சுமையைக் குறைக்க வந்த வண்டிக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது.

திறப்பு விழாவுக்குக் காலையிலேயே எல்லாரையும் ஸ்டோர் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மஃறூப் விளக்கம் சொன்னார்:

"இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்டு, வாரதக் கூட்டிக் குடுக்கும். மத்தது, வாரதக் கொறச்சுக் குடுக்கும். இது கூட்டிக் குடுக்கிறது. லேசில பழுதாகாது. உள்ளுக்கு அசையிற சாமான் ஒண்டுமே இல்ல."

காளியாயி முன்வரிசையில் நின்று இதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு கண்டாக்கையா பங்களாத் தீர்மானத்தை வாசித்துவிட்டுப் பேசினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "வாயில்லாச் சீவன்! அரைவயித்துக்குக் குடுத்துப்புட்டு நடிப்புன்னு சொன்னேனே, நான் பாவி!" என்று சொல்லி, வண்டிக்குப் போட்ட அரைப்பேர் அத்தனையையும் அடித்து, அன்றைய தேதிவரை முழுப்பேராக மாற்றினார். தொரை கை தட்டினார். வண்டி அன்று பொழுது சாயும்வரை நிற்காமல் ஓடியது.

அன்று மாலை மடுவத்தில் காளியாயியின் கூடை தராசில் ஏறியது. கணக்குக்குச் சரியாக இருந்தது. அவளே எட்டிப் பார்த்துக்கொண்டாள். கண்ணீர் இன்னும் காயாத முகத்தோடு கண்டாக்கையா சொன்னார்:

"கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு மூணு. அரைப்பேர்!"

"ஐயா, காலையில என்னமோ பேசுனீங்களே. ஊட்டம் கொறஞ்சா குத்தமில்லேன்னு..."

"அது மிஷினுக்குடி! ஒனக்கும் ஒரு டிரான்ஸ்போமர் வேணுமாக்கும்?"

மடுவமே சிரித்தது. காளியாயியும் சிரித்தாள்.

"வேணாங்க. எங்களுக்கு ஒண்ணு முந்தியே இருக்குங்களே. அந்த இஞ்சினியர் ஐயா சொன்னாரே, ரெண்டாவது வகை. தராசுல வர்றத வாங்கிக் கொறச்சுக் கொறச்சுக் குடுக்குது. காக்கிக் காச்சட்டை போட்டுக்கிட்டு, பென்சிலோட நிக்குது பாருங்க!"

சிரிப்பு சட்டென்று நின்றது. கண்டாக்கையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"வாய்க்கு ஒரு றாத்தல்," என்று இன்னொன்றையும் கழித்தார்.

இஞ்சினியர் சொன்னது எவ்வளவு சரி! அந்த வகை லேசில் பழுதாவதில்லை. உள்ளே அசைகிற சாமான் ஒன்றுமே இல்லை.