இருமல் நின்ற மத்தியானம்

இருமலோடு பழகிப்போன வீட்டில் அந்த இருமல் திடீரென்று நின்றுவிட்டால், அதைவிடத் திகில் உலகத்தில் வேறெதுவும் இல்லை. அனுபவித்தவள் சொல்கிறேன்.

என் மாமனாருக்கு ரொம்ப வருஷமாக இதயம் பலவீனம். கால் வீங்கும், மூச்சு இளைக்கும். தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்த வாக்கில்தான் தூங்குவார். இரவும் பகலும் ஈர இருமல். மாத்திரையை மாற்றிக் கொடுத்த டாக்டரம்மா, கொஞ்ச நாள் கழித்து என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார். இதயம் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று ரத்தமே சொல்லிவிடுமாம். அந்த வீட்டில் விலங்கியல் படித்த ஒரே ஜீவன் புது மருமகளான நான் என்பதால், முடிவு என் செல்போனுக்கு வந்தது.

போன தடவை நாலாயிரத்துச் சொச்சம். இப்போது எண்ணூறு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் வாக்கப்பட்டது உப்பளக்காரர் வீடு. (பிறந்ததும் உப்பளக்காரர் வீடுதான், தப்பிக்க வழியே இல்லை.) பாத்தித் தண்ணீரில் மீட்டரை மிதக்கவிட்டு, உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். டிகிரி ஏறினால் உப்பு விளையும். இறங்கினால் மழைத்தண்ணீர் கலந்துவிட்டது, பாடுபட்டதெல்லாம் போச்சு. இறங்குகிற எண்ணில் நல்லது இருக்கும் என்று எங்கள் பரம்பரையில் யாருக்கும் தோன்றியதில்லை. முடிவுக்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ விளக்கம் இருந்தது. பொடி எழுத்தையெல்லாம் யார் படிக்கிறார்கள்? டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

"அத்தை, மாமாவுக்கு இறங்கிட்டு," என்றேன்.

"ஏளா, எவ்வளவு?"

"அஞ்சுல ஒரு பங்குதான் மிச்சம்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. காலையிலிருந்து வீட்டில் இருமல் சத்தமே இல்லை.

ஐப்பசி மழைக்கு இருட்டிக்கொண்டிருந்த மத்தியானம். கரண்டும் இல்லை. மெல்ல உள்ளறையை எட்டிப் பார்த்தேன். தலையணை எதுவும் இல்லாமல் மாமா கட்டிலில் நீட்டி நிமிர்ந்து மல்லாந்து கிடந்தார். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. வெளியே நீட்டியிருந்த பாதங்கள் வீக்கம் வற்றி, தோல் சுருங்கி, வேறு யாருடைய கால்களோ என்று இருந்தன. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊளையிட்டது. மாமாவின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனேன்.

"மூச்சு இருக்கு அத்தை. ஆனா சத்தமே இல்ல," என்று வெளியே வந்து கிசுகிசுத்தேன்.

என் வீட்டுக்காரர் சாயர்புரத்தில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக அந்த அறையை எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்கள். இருட்டில் கண்கள் மட்டும் தெரிந்தன. பெரியப்பா, எதற்கும் கையோடு இருக்கட்டும் என்று சங்கு ஊதுகிறவரையும் கூட்டி வந்திருந்தார். (முன்யோசனைக் குடும்பம்.) அந்த மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? சங்கில் அடைப்பு இருக்கிறதா என்று வாசலில் நின்று லேசாக ஊதிப் பார்த்தார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கதவு திறந்தது. எழுந்து நின்றாலே மூச்சு வாங்குகிற மாமா, வெள்ளைப் போர்வையைத் தோளில் போட்டபடி, ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து வந்தார். ஒரு சித்தி அலறிக்கொண்டு என் மேல் விழுந்தார்.

மாமா கூட்டத்தைப் பார்த்தார், சங்கைப் பார்த்தார். முகம் வாடிப்போய் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயோ... யாருலே போயிட்டா?"

யார் குறைகிறார்கள் என்று அவர் ஒவ்வொரு முகமாகத் தேட ஆரம்பித்தார். அண்ணன் இருந்தார். மனைவி இருந்தார். மகன் இருந்தான். தேடி முடித்து, மெதுவாகத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானாகப் போகாத உயிரை நானே பயமுறுத்தி அனுப்பிவிடுவேனோ என்று நடுங்கிவிட்டேன்.

"என் துஷ்டிக்கா வந்திருக்கிய?"

அந்த நேரத்தில் போன் அடித்தது. டாக்டரம்மா. பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டு, எண்ணைச் சொன்னேன்.

"எண்ணூறா? ரொம்ப நல்லதும்மா! இதயம் திணறும்போதுதான் அது ரத்தத்துல கூடும். திணறல் குறைஞ்சா எண்ணும் இறங்கும். இருமல் நின்னுருக்குமே? நீட்டிப் படுக்க முடியுதா?"

சங்கு ஊதுகிறவர் சங்கைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் மனுசன் நீட்டிப் படுத்தேன். அது பொறுக்கலியா ஒனக்கு?"

வீடே சிரித்தது. அத்தை மட்டும் விசும்பி விசும்பி அழுதார்.

இப்போதும் பரிசோதனை முடிவு வந்தால் மாமா கேட்பது ஒன்றுதான்: "டிகிரி இறங்கியிருக்கா தாயி? அப்போ சாயர்புரத்துக்குச் சொல்லிரு." எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனாலும் மத்தியானத்தில் வீடு அமைதியாகிவிட்டால் என் கால்கள் தானாக அந்த அறை வாசலுக்குப் போய்விடுகின்றன. மாமா கண்ணைத் திறப்பதில்லை. நான் நிற்பது தெரிந்து, எனக்காக ஒரு பொய் இருமல் இருமுகிறார்.