அப்போதிக்கரியும் செல்வராசாவின் நாக்கும்

நாய் ஏன் நக்குகிறது என்று கேட்கிறீர்களே, வேறு வேலைவெட்டி இல்லையா உங்களுக்கு? நாக்கு இருக்கிறது, நக்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு எந்தச் சோதனையில் பாஸ் பண்ணப் போகிறீர்கள்? சரி, கேட்டுவிட்டீர்கள். இந்த உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த மனிதர் ஒருவர்தான் பிறந்தார். அவர் வெள்ளவத்தையில், எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, அவருக்கு அப்போதிக்கரி என்றுதான் பேர். அப்போதிக்கரி என்றால் மருந்து கொடுக்கிற அரை டாக்குத்தர்; இவர் மருந்துக்கடையில் போத்தலுக்குச் சீட்டு ஒட்டி ஓய்வு பெற்றவர். நடையைப் பார்த்தால் பெரிய டாக்குத்தர். பெண்சாதி பிள்ளை கிடையாது. இருந்தது செல்வராசா. தண்டவாளக் கரையில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட மண்ணிற நாய்.

பின்னேரங்களில் இருவரும் கடலோரக் கல்லில் இருப்பார்கள். ரயில் போகும். அலை வரும். செல்வராசா தன் காலை நக்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அப்போதிக்கரிக்குக் கண் சொருகும். திறக்கும்போது ஒரு புது ஞானம் வந்திருக்கும். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுவார்.

"தங்கச்சி, தன்னைத் தானே நக்கினா அது மருந்து. மற்ற நாயின்ர வாயை நக்கினா மரியாதை. நாங்கள் கும்பிடுறமே, அதுமாதிரி."

"எங்களை நக்கினா?"

"அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

யோசனை இரண்டு வருசம் ஓடியது. ஒருநாள் ஒரு காலில் உப்பும் மற்றக் காலில் சீனியும் பூசிக்கொண்டு முற்றத்தில் நீட்டி நிமிர்ந்து இருந்தார். செல்வராசா இரண்டையும் மணந்து பார்த்துவிட்டு நேரே வந்து என் கையை நக்கியது. மீன் வெட்டிய கை. சீனிக் காலுக்கு எறும்புதான் வந்தது.

அது சண்டைக்காலம். வீட்டில் இருக்கிற எல்லோருடைய பேரையும் பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதின ஆள் வீட்டில் இல்லையென்றால், எங்கே போனான் என்று மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்போதிக்கரிக்கு எழுத்து முத்துமாதிரி. படிவத்தை அவரிடமே கொடுத்தேன். எழுதியதை வாசித்துப் பார்க்க எனக்கு எங்கே படிப்பு?

ஒரு விடியற்காலை பொலிஸ் சார்ஜன் ஒருவர் ஜீப்பில் வந்து எங்களை வரிசையாக நிறுத்தினார். நான், என் வீட்டுக்காரர், மகள், அப்போதிக்கரி. நாலு பேர். படிவத்தில் ஐந்து.

"கோ செல்வராசா?" என்றார். சிங்களத்தில் எங்கே என்று கேட்கிறார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "ஆம்பிளை. வயசு இருபத்தெட்டு. வேலை, காவல். எங்க ஒளிச்சது?"

அப்போதிக்கரி ஒரு அடி முன்னுக்கு வந்தார்.

"அது நாய், சேர். வயசு நாலுதான். நாயின்ர ஒரு வருசம் எங்களுக்கு ஏழு. அரசாங்கத்துக்குப் பிழையாய் எழுதக்கூடாதெண்டு ஏழால பெருக்கினனான்."

சார்ஜன் சிரிக்கவில்லை. "நாய் காட்டு. இல்லாட்டி நீ ஏறு."

செல்வராசா அந்த நேரம் கடலுக்குப் போயிருக்கும். அப்போதிக்கரி கூப்பிட்டார். வரவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டார். ஜீப்பின் பின்கதவு திறந்தது. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் ஒழுங்கை முனையில், கடற்பனிக்குள்ளிருந்து, யாரோ காணும் கனவுக்குள் நடந்து வருவதுபோல செல்வராசா ஆடி அசைந்து வந்தது. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சார்ஜனின் தொங்கிய கையை நக்கத் தொடங்கியது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, அவசரமே இல்லாமல்.

அவர் கையை எடுக்கவில்லை. "ஏன் இது நக்குது?"

ஜீப்பில் ஒரு கால், நிலத்தில் ஒரு கால். அப்படியே நின்று அப்போதிக்கரி யோசித்தார். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

"உப்பு, சேர். ராவு முழுக்க சென்றியில காவல் நிண்டு வேர்த்த கை." பிறகு மெல்ல, "உப்பு மட்டுமெண்டா ரெண்டு நக்கில விட்டிடும். இது விடேல்லை. ஆள் களைச்சுப்போச்செண்டு அதுக்கு விளங்குது."

சார்ஜன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு படிவத்தை ஜீப்பின் மேல் வைத்து, செல்வராசாவின் பேருக்கு நேரே ஒரு சரி போட்டார். அப்போதிக்கரியின் தோளைத் தட்டி, கீழே இறங்கச் சொன்னார்.

ஜீப் மறைந்ததும் அயல்சனம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

"என்னவாம் அக்கா பொலிஸ்?"

"ஒண்டுமில்லை. எங்கட வீட்டில எத்தினை பேர் எண்டு எண்ண வந்தவை," என்றேன். "ஐஞ்சு பேரும் இருக்கிறம்."