அறுபதுக்கு அறுபது

கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு திரும்பிய ஆள் நான். (அணைத்துத்தான் இருந்தது. மூன்று தடவையும்.) என்னைப் போய் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பி மத்தாப்பு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போட்டார்கள்.

பெட்டிக்குப் பத்து மத்தாப்பு. அறுநூறு பெட்டியில் அறுபதைப் பிரித்து எண்ண வேண்டும். எந்த அறுபது? கைக்கு வந்ததை எடுத்தால், எடுக்காத பெட்டிகளில்தான் தப்பு இருக்குமோ என்று தோன்றும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு வேறு வழியும் தெரியாது.

வழி காட்டியவள் காலேஜில் புள்ளியியல் படிக்கும் என் அக்கா மகள் பிரியா. அவள் லேப்டாப்பில் ‘ஆர்’ என்று ஒரே எழுத்தில் பெயர் வைத்த ஒரு புரோகிராம் இருந்தது.

“மாமா, ஒண்ணுலருந்து அறுநூறு வரைக்கும் வரிசையா வச்சாச்சு. இதுக்குப் பேரு வெக்டர். இப்ப ஒரு ட்ரூ, ஒம்பது ஃபால்ஸ்; ஒண்ண எடு, ஒம்பத விடுன்னு அர்த்தம். அம்புட்டுத்தான். கடைசி வரைக்கும் அதே மாதிரி தானாப் போயிரும்.”

ஒன்று, பதினொன்று, இருபத்தொன்று என்று அறுபது நம்பர் வந்து நின்றன. கம்பெனிக்குள் செல்போன் கூடாது; காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நடையே மாறிவிட்டது.

மறுநாள் சீசன் லோடு. சாயங்காலம் லாரி கிளம்பாவிட்டால் ஆர்டர் போச்சு. ஆர்டரோடு என் வேலையும்.

முதல் பெட்டியைப் பிரித்தேன். பதினொரு மத்தாப்பு! அடுத்த நம்பரிலும் பதினொன்று. அறுபது பெட்டியிலும் பதினொன்று!

“லாரியை நிறுத்துங்க! அறுநூறும் தப்பு!”

முதலாளி ஓடி வந்தார். “என்னய்யா சொல்ற? எல்லாமேவா?”

“கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த நம்பர் முதலாளி. தப்பவே தப்பாது.”

பேக்கிங்கில் இருந்த பத்துப் பெண்களும் என்னைத் திட்டிக்கொண்டே மிச்சத்தைப் பிரித்தார்கள். பத்து. பத்து. பத்து. ஐநூற்று நாற்பதிலும் சரியாகப் பத்து.

பாக்கியம் அக்காதான் கண்டுபிடித்தாள். பத்துப் பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஒரே வேகத்தில் ஆளுக்கொரு பெட்டி முடித்துத் தள்ளுவார்கள். அதே வரிசையில்தான் பெட்டிக்கு நம்பர் விழும். ஆக, பத்து பத்தாகத் தாண்டினால் வருவதெல்லாம் ஒரே ஆள் பெட்டி. என் காகிதத்தில் இருந்த அறுபதும் வாசலோரம் முதலாவதாக உட்கார்ந்தவளுடையவை.

அவள் செல்வி. என் மனைவி.

“அறுநூறுல பொஞ்சாதி பெட்டிய மட்டும் பொறுக்கி எடுத்திருக்கீகளே தம்பி!” என்றாள் பாக்கியம் அக்கா. “அம்புட்டு ஆசையா?”

முதலாளியே சிரித்துவிட்டார். நான் செல்வியிடம் பல்லைக் கடித்தேன். “எதுக்கு ஒண்ணு கூட வச்ச?”

“கொறைஞ்சிரும், கொறைஞ்சிரும்னு ஒரு வாரமாப் பொலம்புனது யாரு? நீங்க நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான் கூட ஒண்ணு வச்சேன்!”

செல்வி பெட்டிகளில் கூட இருந்ததை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப மூடி, இருட்டுவதற்குள் லாரியை அனுப்பினார்கள். வேலை தப்பியது. மானம் அந்த லாரியிலேயே ஏறிப் போய்விட்டது. “இனிமே சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி எடுங்க மாமா” என்று பிரியா அந்தப் புரோகிராமில் வேறு வரி எழுதிக் கொடுத்தாள். கம்பெனியில் அது நன்றாகவே ஓடுகிறது.

வீட்டில்தான் ஓடவில்லை. குழம்பில் உப்பில்லை என்று வாயைத் திறந்தால் போதும், செல்வி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

“ஒரே ஓரத்துல அள்ளியிருப்பீக. சட்டியக் கலக்கிட்டுச் சொல்லுங்க.”

கலக்கிப் பார்ப்பேன். பாழாய்ப்போன உப்பு சரியாகத்தான் இருக்கும்.