பானெட்டில் ஒரு புள்ளி

'டக்' என்றொரு சத்தம் கேட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஜல்லி லாரி எதுவுமே நடக்காததுபோல வளைவில் திரும்பி மறைந்தது.

மாப்பிள்ளை காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார். சொந்தக் காராக இருந்திருந்தால் இறங்கியே இருக்க மாட்டார். இது மாமனாரின் கார். முத்துப்போல் மினுமினுக்கும் வெள்ளை. கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் அந்தக் காரின் கதவைச் சாத்தும் உரிமைகூட மாப்பிள்ளைக்குக் கிடைத்ததில்லை. "இருங்க மாப்பிள்ளை, நீங்க அடிச்சுச் சாத்துவீங்க" என்று மாமனாரே சுற்றி வந்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோல் சாத்துவார்.

அப்படிப்பட்டவர், மூத்த மகள் வீட்டுக்குப் போக அத்தையோடு ரயிலேறும்போது, தானாகவே கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்திருந்தார்.

"சும்மா நின்னா பேட்டரி படுத்துடும். தினமும் கொஞ்சம் ஓட்டுங்க."

"நானா மாமா?"

"வேற யாரை நம்பிக் கொடுக்கிறது?"

மூத்த மாப்பிள்ளை சொந்தமாக லாரிகளே வைத்திருப்பவர். அவருக்குக்கூட இந்தச் சாவி கிடைத்ததில்லை. தாலி கட்டிய அன்று இல்லாத ஒரு நிறைவு அன்றைக்கு ரயில் நிலையத்தில் அவருக்கு வந்தது. அந்த வீட்டில் இனி அவரும் ஒரு ஆள்.

இப்போது பானெட்டின் முன் விளிம்பில், இடது விளக்குக்கு மேலே, ஒரு கறுப்புப் புள்ளி.

கடுகைவிடச் சற்றுப் பெரிது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் மாப்பிள்ளைக்குப் பாடப்புத்தக அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. வேண்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் புள்ளியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே.

வீட்டில் மனைவி குனிந்து பார்த்தாள்.

"கல்லு பட்டா பெயிண்ட் தெறிக்கத்தான் செய்யும். அப்பாகிட்ட போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"உங்கப்பா முதல் தடவையா என்னை நம்பிக் கொடுத்திருக்காரு."

"அதனாலதான் சொல்லச் சொல்றேன்."

"அவர் வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிடுவேன்."

"குக்கர் கைப்பிடிக்கும் இதைத்தான் சொன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் இடுக்கி வச்சுத்தான் தூக்கிட்டிருக்கேன்."

மாப்பிள்ளை காது கேட்காதவர்போல் கடைக்குப் போனார். கடைக்காரர் நகப்பூச்சுக் குப்பி மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த வெள்ளை சார்?"

"வெள்ளைன்னா வெள்ளைதான்."

கடைக்காரர் திரும்பி ஒரு அலமாரியைக் காட்டினார். அது முழுக்க வெள்ளை. மாப்பிள்ளை கண்ணை மூடி, மாமனாரின் காரை மனத்தில் கொண்டுவந்து, ஒரு குப்பியைத் தொட்டார்.

மனத்தில் வந்தது வேறு கார் போலிருக்கிறது. பூச்சு காய்ந்தபின், மினுமினுக்கும் பானெட்டில் அது மட்டும் சுண்ணாம்பாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"யாரோ பல் தேய்ச்சிட்டே காருக்குக் கதை சொன்ன மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அதைத் தேய்த்து எடுக்க மாப்பிள்ளை பாலிஷ் பசை வாங்கி வந்தார். டப்பாவில் 'மென்மையாகத் தேய்க்கவும்' என்று போட்டிருந்தது. அவர் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தார், சொன்னதைக் கவனிக்கவில்லை. தோள்பட்டை வலிக்கும்வரை தேய்த்தார். சுண்ணாம்பு போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய், உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போன ஒரு திட்டு முளைத்தது. அதன் நடுவில் பழைய கறுப்புப் புள்ளி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"இனிமே தொடாதீங்க" என்றாள் மனைவி.

"தொட மாட்டேன். மூடிடுறேன்."

ஸ்டிக்கர் கடையில் அந்தத் திட்டை மூடும் அளவில் இரண்டுதான் இருந்தன. ஒன்று பாயும் புலி. மாமனாரின் காரில் புலியை ஒட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. இன்னொன்றில், விரல் சூப்பும் ஒரு குழந்தையின் படம். கீழே 'உள்ளே குட்டிப் பாப்பா, மெதுவாக வரவும்' என்றிருந்தது. ஒட்டியதும் அம்சமாகப் பொருந்தியது. மாப்பிள்ளை வெற்றிப் பெருமிதத்துடன் குடியிருப்புக்குள் நுழைந்தார்.

வாசலில் செக்யூரிட்டி எழுந்து நின்றார். வழக்கமாக அவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

"சார், சொல்லவே இல்லையே."

"எதை?"

"வண்டியில ஒட்டிட்டு என்கிட்ட எதைன்னு கேக்கறீங்க பாருங்க" என்று வெட்கப்பட்டார் செக்யூரிட்டி.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் மாப்பிள்ளை. அப்புறம் ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்டால் புள்ளியைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் லிஃப்டில் மேல் வீட்டு அம்மா மனைவியின் கையிலிருந்த காய்கறிப் பையைப் பிடுங்கிக்கொண்டார். "நீ இனிமே வெயிட் தூக்கக் கூடாதும்மா."

மனைவி வீட்டுக்குள் வந்து கதவை அடித்துச் சாத்தினாள். மாமனார் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க, ஊரே எனக்குக் குழந்தை பிறக்கப் போகுதுங்குது. எனக்கு மட்டும்தான் தெரியலை."

மாப்பிள்ளை பதில் தேடுவதற்குள் போன் அடித்தது. அத்தை. மேல் வீட்டு அம்மாவும் அத்தையும் பழைய சிநேகிதிகள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

"அம்மா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா" என்றாள் மனைவி.

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான்டி சொல்லுவாங்க. நீ குனியாதே, நிமிராதே. நாங்க நாளைக்கே கிளம்பி வர்றோம்."

போன் அணைந்தது. மனைவி கணவனைப் பார்த்தாள். எத்தனையோ பிழைகளுக்குக் குறியீடு கற்றவர் அவர். அந்தப் பார்வையில் இருந்ததற்கு அவரிடம் குறியீடு இல்லை.

"முதல்ல அந்தப் பாப்பாவை இறக்குங்க" என்றாள்.

மாப்பிள்ளை ஓடிப்போய் ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் பிய்த்தார். பாப்பா வந்தது. தனியாக வரவில்லை, ஏற்கெனவே தேய்ந்து நொந்திருந்த பெயிண்டையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்தது. பானெட்டில் இப்போது ஒரு பாப்பாவின் உருவத்தில் சாம்பல் நிறம்.

பெயிண்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"விபத்தா சார்?"

"கொஞ்சம் கொஞ்சமா நடந்தது."

"பானெட் முழுசா அடிச்சாத்தான் சேரும்."

அடித்தார்கள். மறுநாள் பானெட் அப்போதுதான் பிறந்ததுபோல் ஜொலித்தது. அதன் பக்கத்தில் கதவுகளும் கூரையும் வெயிலில் வாடிக் கிடந்தன. புது வேட்டிக்குப் பழைய சட்டை போட்ட மாதிரி இருந்தது.

"பானெட்டைக் கொஞ்சம் பழசாக்கித் தர முடியுமா?" என்று கெஞ்சினார் மாப்பிள்ளை.

"எத்தனையோ பேர் பழசைப் புதுசாக்கித் தரக் கேட்டிருக்காங்க" என்றார் பெயிண்டர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "நீங்கதான் முதல் ஆள்."

கடைசியில் மீதிக் காருக்கும் பாலிஷ் போட்டு, பானெட்டின் உயரத்துக்கு ஒருவழியாக ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை அணைத்த அதே நேரம், பின்னால் டாக்சி வந்து நின்றது.

அத்தை இறங்கியதும் மகளைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். மாமனார் மகளையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. நேராகக் காரிடம் போனார். கதவு, சக்கரம், கண்ணாடி எதையும் சட்டை செய்யாமல் பானெட்டின் இடது விளக்குக்கு மேலே குனிந்தார்.

மாப்பிள்ளை டாக்சியிலிருந்து பெட்டிகளை அவசரமாக இறக்கத் தொடங்கினார்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். அப்படியே குந்தி உட்கார்ந்து கீழிருந்து மேலாகப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"மாப்பிள்ளை, வண்டியில ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை மாமா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன் மாமா."

"ஜல்லி லாரி, கில்லி லாரி ஏதாவது பின்னாடி போனீங்களா?"

"சேச்சே."

"போயிருந்தா தாராளமாச் சொல்லலாம். நான் கோவிச்சுக்கவே மாட்டேன்." மாமனாரின் குரல் குழைந்தது. "ஒரு சின்னப் புள்ளி விழுந்திருந்தாக்கூட பரவாயில்லை. மனுஷன்னா தப்பு நடக்கும். வாய் விட்டுச் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு."

இத்தனை அன்பை மாப்பிள்ளை இந்த மனிதரிடம் பார்த்ததே இல்லை. ஒரு கணம் உருகிச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. ஆனால் அந்தச் சாவியின் மேல் ஆசை பெரிதாக இருந்தது.

"உங்க வண்டி மேல ஒரு தூசி பட விடலை மாமா."

மாமனார் பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அழப்போகிறவர்போல் இருந்தார். சந்தோஷத்தில்தான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

அதற்குள் உள்ளே மகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் என்பது, வெளியே வந்த அத்தையின் முகத்திலேயே தெரிந்தது. பேரக்குழந்தை கைநழுவிப்போன வருத்தத்தையும் மீறி அவள் உதட்டில் ஒரு சிரிப்பு துடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார்.

"அத்தை, மன்னிச்சிடுங்க. மாமா என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தாரு. நான்தான் புள்ளி விழ வச்சு மறைச்சிட்டேன்."

அத்தை கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "நீங்க ஒண்ணும் விழ வைக்கலை மாப்பிள்ளை, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு வேகமா ஓட்டி அந்தப் புள்ளியை வாங்கினதே இவருதான், அதை உங்க தலையில கட்டி என்கிட்ட தப்பிக்கத்தான் சாவியையே உங்க கையில கொடுத்தாரு."